ஜன்னல் வழியாக வந்தவன்

“‘அதோ, ஜன்னலை உடைச்சுக்கிட்டு துப்பாக்கியோட ஒருத்தன் வரான்!’” என்று வசனத்தை இழுத்து இழுத்துப் படித்துக் காட்டிவிட்டு, சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார் தயாரிப்பாளர் மெர்ல் ஸ்டாடர்ட். “வரான்னு எதுக்குய்யா வாயால சொல்லணும்? அதான் டிவியில நல்லாத் தெரியுதே.”

எதிரே நின்ற வெர்னன் ப்ரூயிட், ‘இரும்புச் சிறகன்’ தொடரைப் பதினோரு வருடம் ரேடியோவுக்கு எழுதியவர். அந்தப் பழைய கதைகளை டிவிக்கு மாற்றித் தருவதற்காக அவரை ஹாலிவுட்டுக்கு வரவழைத்திருந்தார்கள். அது 1952. கதை ரேடியோவுடையது, ஹீரோ ரேடியோவுடையவன், அவன் பெயர்கூட ரேடியோ வைத்த பெயர். ஆனாலும் ரேடியோக்காரன் என்றால் ஸ்டாடர்டுக்கு அப்படி ஒரு இளக்காரம்.

வசனத்தைக் கொஞ்சமாவது விட்டுவையுங்கள் என்று வெர்னன் கெஞ்சிப் பார்த்தார். “அந்த கார்ன்ஃப்ளேக்ஸ் முதலாளி இருக்காரே, அவருக்கு...” என்று ஏதோ சொல்லவும் வாயெடுத்தார்.

“முதலாளியை நான் பாத்துக்கறேன். நீங்க தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

வெர்னன் கிளம்பிப் போனார். கூடவே வசனமும் போயிற்று. முதல் கதையில் கண்ணாடி நொறுங்குகிறது, வில்லன் குதிக்கிறான், சிறகன் பறக்கிறான், பத்து நிமிடம் அடிதடி. ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஸ்டாடர்ட் அதைக் கலை என்று நம்பினார், பாவம்.

இனி விளம்பரம் கொடுக்க ஆள் வேண்டும். ரேடியோ காலம் முழுக்கக் கொடுத்துவந்தவர் மிச்சிகனில் கார்ன்ஃப்ளேக்ஸ் கம்பெனி நடத்தும் ஏபல் ஹக்கின்ஸ். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் தொடருக்கு அன்றோடு மூடுவிழா.

வெள்ளிக்கிழமை காலை, மகள் எட்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிழவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஸ்டாடர்ட் நீட்டிய கையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. சோளம் விற்கிறவனுக்கு இவ்வளவு திமிரா என்று உள்ளுக்குள் திட்டியபடி, முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார் ஸ்டாடர்ட்.

சிறகனை ரேடியோவில் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்றார் கிழவர். டிவி வந்த பிறகும் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுகிற இன்னொரு பத்தாம்பசலி என்று ஸ்டாடர்ட் நினைத்துக்கொண்டார். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டச் சொன்னார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. கிழவர் மகள் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ கேட்டார்.

ஸ்டாடர்ட் பேனாவைத் திறந்து ஒப்பந்தத்தின் மேல் வைத்தார். “என்ன சொல்றார்? அசந்துட்டாரா?”

எட்னா அந்தப் பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“அப்பாவுக்குக் கண் தெரியாது. ஜன்னல் உடைஞ்சுதே, வந்தது யாருன்னு கேக்கறார்.”