மாமியின் பொருத்தனை

நெய்மீன் துண்டை அவள் திருப்பிப் போட்டாள்.

தேங்காயெண்ணெயில் மிளகும் பூண்டும் சிவந்து வந்தன. அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு, கூடத்துக் கதவை மட்டும் விரியத் திறந்து வைத்தாள்.

வாசனை போக வேண்டிய இடம் கூடம்தான்.

அங்கே மாமியார் எப்சிபாய் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு, ரசம், கீரைத் துவரன். மூன்று வருடமாக இந்த வகைதான்.

கல்யாணமாகியும் மருமகள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் மாமி எழுந்து நின்றாள். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கும்வரை மீன் தொடமாட்டேன் என்று ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணினாள். அதையும் மைக்கில் பண்ணினாள்.

மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத கடற்கரை ஊர். சபையே உச்சுக் கொட்டியது.

மாமிக்குப் பேர். அவளுக்குப் பழி.

அன்றிலிருந்து எந்த வீட்டு விருந்திலும் மீன் வாளி பக்கத்தில் வந்தால் மாமி இலையைக் கையால் மறைப்பாள். ஏன் என்று யாராவது கேட்காமல் இருப்பார்களா? மாமி வாயைத் திறக்கமாட்டாள். பக்கத்தில் இருக்கும் மருமகளை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். மீன்காரிகூடச் சாளையை அள்ளிப் போடும்போது அவள் வயிற்றைத்தான் பார்த்தாள்.

அவளும் மீன் தின்றாள். ஒரு துண்டும் ருசிக்கவில்லை.

இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.

கணவன் ஜெபசிங்கிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் அம்மாவிடம் ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை மாமி மறுபடி மைக்கைப் பிடிப்பாள். அவள் பெறப்போகிற பிள்ளை, மாமி மீன் தின்னாததால் கிடைத்த பிள்ளையாகிவிடும். சாகும்வரை ஊர் அப்படித்தான் சொல்லும். பிள்ளையிடமும் சொல்லும்.

அதை அவளால் தாங்க முடியாது. முதலில் பொருத்தனை உடைய வேண்டும். செய்தி பிறகு.

அதற்காகத்தான் தினமும் மீன். ஒரு நாள் மரச்சீனிக்கிழங்கோடு சாளைக் குழம்பு. ஒரு நாள் நெத்திலி அவியல். குமட்டலை அடக்கிக்கொண்டு அவளே ஆய்ந்தாள், அவளே அலசினாள். வாந்தி வந்தால் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

கிழவி லேசில் மசியவில்லை. ஆனால் இந்தச் சில வாரங்களாக மாமிக்கு உடம்பு தளர்ந்திருந்தது. முழங்காலில் நின்று ஜெபிக்க முடியவில்லை. சாப்பாட்டு ஜெபத்தில் பேரப்பிள்ளை என்ற வார்த்தை வருவதும் நின்றுபோயிருந்தது.

அதை அவள் கவனித்தாள். சந்தோஷப்பட்டாள்.

பொரித்த துண்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மாமியின் தட்டில் இல்லை, பக்கத்தில்.

மாமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி எங்க மக்கா பிள்ள வரப்போவுது," என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. மாமி அவளை மகளைப்போல மக்கா என்று கூப்பிடுவதும் இதுதான் முதல் தடவை.

மன்னிக்கும்படி ஆண்டவரிடம் முணுமுணுத்துவிட்டு, மாமி ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். கண்ணில் நீர் கட்டியது. அடுத்த விள்ளலுக்குள் கைக்கு அவசரம் வந்துவிட்டது. நடுமுள்ளையும் விடாமல் சூப்பினாள்.

முழுத் துண்டும் முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

முடிந்தது. தனக்கு மூன்றாம் மாதம் என்று சொன்னாள்.

விரலை நக்கப்போன மாமியின் கை பாதியில் நின்றது.

சண்டை வரும் என்று அவள் நினைத்திருந்தாள். பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். மைக்கைப் பற்றி ஒன்று. இலையை மறைத்ததைப் பற்றி ஒன்று. பார்த்த பார்வைக்கு ஒன்று.

மாமி நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைப்புறம் ஓடினாள். தென்னைமரத்தடியில் குனிந்து தொண்டைக்குள் விரலை விட்டாள்.

ஓங்கரிப்புக்கு நடுவே ஜெபம் கேட்டது. பிள்ளையைத் தொடாதேயும். தப்பு என்னுடையது. என்னை எடுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அதுவேதான்.

சிரிக்கத்தான் அவள் கொல்லை வாசல்வரை வந்தாள்.

சிரிப்பு வரவில்லை. பொருத்தனை பண்ணித் தவறியவர்களுக்கு என்னென்ன நடந்தது என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள்தான் அவளும். உடைந்தது யாருக்காகப் பண்ணிய பொருத்தனை என்பது இப்போதுதான் உறைத்தது. பயத்தில் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

ஓடிப்போய் மாமியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

கிழவிக்குள் இனி ஒன்றுமில்லை. மஞ்சளாகத் தண்ணீர் மட்டும் வந்தது. போதும் என்று கையைக் காட்டிவிட்டு மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

அவள் விடவில்லை. மாமியின் தாடையைப் பிடித்தாள்.

"இன்னும் உள்ள கெடக்கு. வாயத் தொறங்க மாமி," என்று தன் விரலை நீட்டினாள்.