அமோக்பு பக்கம் வேட்டுச் சத்தம்

முதல் வேட்டு கேட்டபோது எகெம்மா குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அங்கேதான் அமோக்பு, அவள் பிறந்த ஊர்.

அடுத்ததும் கேட்டது. துணி கையிலிருந்து நழுவியது.

இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து விடியற்காலையில் வேட்டுப் போடுவது ஒரே காரியத்துக்குத்தான். வயதான ஆண்பிள்ளை யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார். மழை தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் இருமி இருமி இளைத்துக் கிடந்தவர் அவள் அப்பா இடோக்கோ.

நேற்றுத்தான் அவள் கணவன் நுவோடோ மாமனாருக்கு மருந்து வேரும் உப்பும் எடுத்துக்கொண்டு போனான். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாதிருந்தால் அவளும் கூடவே போயிருப்பாள்.

மூத்த மகள் வந்து நிற்காமல் தகப்பனைக் குழிக்குள் இறக்கினால் அவள் பெயர் அந்த ஊரில் நாறிப்போகும். நாறினால் நாறட்டும். அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கொழுந்தன் அசோக்வா மரத்துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி வந்தான். பியாஃப்ரா தனி நாடு என்று அறிவித்ததிலிருந்து ஊர் இளவட்டங்கள் காலையில் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடை பழகுகிறார்கள். பிரிந்து போகக் கூடாது என்கிற லாகோஸ்காரர்களின் படை எல்லைக்கு வந்துவிட்டதாக ரேடியோ சொல்கிறது. ரேடியோ எதைத்தான் சொல்லவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

இவன் என்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறான்? பானையில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்பான்.

இந்தப் பக்கத்தில் சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை என்பார்கள். வயிற்றுக்கு ஏதாவது போட வைப்பார்கள். பேச்சுக் கொடுத்தபடி கூடவே நடந்து வருவார்கள். வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டென்று சொல்லிவிடுகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

"வேட்டு யாருக்கு?" என்றாள்.

"அது வேட்டே இல்ல அண்ணி. எல்லையில நம்ம பசங்க சுட்டுப் பழகுறாங்க."

"நீங்க எல்லாம் கட்டையத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க. அவங்களுக்கு மட்டும் துப்பாக்கி எங்கேருந்து முளைச்சுது?"

அவன் தோளிலிருந்த கட்டையை இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

கோழி விஷயமாகச் சண்டை போட்டு அவளிடம் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்தாள். கையில் வாழையிலையில் ஆவி பறக்கும் ஒக்பா, பயற்றுமாவை அவித்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஊரே சேர்ந்துகொண்டு மறைக்கிறது. எகெம்மாவுக்கு இனி ஐயமில்லை.

வேட்டு நிற்கவில்லை. இப்போது சேர்ந்து சேர்ந்து வெடித்தது. அவள் தம்பிகள் கஞ்சப் பிசினாறிகள், தகப்பனுக்கு இவ்வளவு வெடிமருந்து செலவழிக்கமாட்டார்கள். நுவோடோதான் தாராளம் காட்டுகிறான். அந்தத் துக்கத்திலும் அவளுக்குக் கணவனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். அசோக்வா குறுக்கே நின்றான்.

"தள்ளு. எங்கப்பாவை நீங்க எல்லாரும் சேர்ந்து எங்கிட்டேருந்து ஒளிச்சு வைக்கிறீங்க. ஒருத்தர் மூஞ்சிலயும் நான் இனிமே முழிக்கமாட்டேன்."

அவனைத் தள்ளிவிட்டு வேலிப் படலைத் திறந்தாள்.

செம்மண் பாதையில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தலையில் தொப்பி இல்லை, கையில் தடி இல்லை. இருமிக்கொண்டே, விழுந்தடித்து ஓடி வந்தார்.

இடோக்கோ.

எகெம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இந்த இருமலோட எதுக்குப்பா ஓடி வர்றீங்க? உங்களைக் குழியில வச்சே பாத்துட்டேன்."

அவளைவிட அசோக்வாதான் அதிகம் திகைத்தான். கிழவர் போய்விட்டார் என்று நினைத்துத்தான் அண்ணிக்காக வாயில் வந்த பொய்யைச் சொல்லியிருந்தான். அந்த வெட்கத்தில் உள்ளே ஓடி, வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கும் கோலாக்கொட்டையைத் தட்டில் எடுத்து வந்து நீட்டினான்.

கிழவர் தட்டைத் தள்ளினார். சம்பந்தி வீட்டில் கோலாவைத் தள்ளியவரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"சுடுறது லாகோஸ் சிப்பாய்ங்க. பாலத்துல வச்சு நுவோடோவைச் சுட்டுட்டாங்க. செத்துட்டான். கிழவன்னு என்னை விட்டுட்டாங்க. அடுத்தது இந்த ஊருதான். புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பும்மா."

அசோக்வாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையோடு எழுந்துவிட்டாள். தெருவில் அதற்குள் யாரோ ஓடுகிற சத்தம்.

எகெம்மா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளிடம், நின்ற நிலையில், மூச்சுக்கூட வாங்காமல். முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. ஊரில் யார் போனாலும் பக்குவமாகச் சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள்.

அவளைப் பயமுறுத்திக் கிளப்பப் பார்க்கிறார். வேறு எதையோ மறைக்கிறார். நுவோடோவுக்குக் காலில் அடிபட்டிருக்கும். இல்லாவிட்டால் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"ஏம்ப்பா, நிஜமாவே செத்திருந்தா நீங்க இப்படியா சொல்வீங்க?"

கிழவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அவள் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அவர் வந்துடட்டும். சேர்ந்தே போலாம்."