ஒரு பைட் மிகுதி

தீவிலிருந்து வந்த செய்தியைத் திரையில் விரித்துவைத்து எண் எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெப்பம் சரியாக இருந்தது. காற்றின் வேகமும் சரியாக இருந்தது. அதற்கடுத்து வந்த காற்றழுத்தமோ, பூமியில் எவ்விடத்திலும் இருக்க இயலாத ஓர் எண்ணைக் காட்டியது.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னங்க, உங்க வீட்டு பூதக்கண்ணாடியே கோட்டை விட்டுட்டாங்களா?"

அலுவலகத்தில் என் மனைவிக்கு அதுதான் பெயர். பிறர் எழுதிய கணினி நிரலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தீவின் வானிலை நிலையத்தில் அளவுகளைப் பைட்டுகளாக அடுக்கி அனுப்பும் நிரல் அவளுடையது. இங்கே அவற்றைப் பிரித்துப் படிக்கும் நிரல் என்னுடையது. எது முன், எது பின் என்பதை எங்கள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்துதான் இருவரும் வகுத்தோம்.

"மதியத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா, அங்க நிக்கிற கப்பல்லயே புது மெஷினையும் அவங்களையும் திருப்பிக் கூப்பிட்டுக்கலாம். பழைய மெஷின் ஓடட்டும். இந்தக் கப்பலை விட்டா மழைக்காலம் முடியற வரைக்கும் கடல்ல போக்குவரத்தே கிடையாது."

"சரிங்க சார்" என்றேன்.

அவளாகவே கேட்டுப் பெற்ற தீவுப் பணி அது. போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். எதற்கும் அவ்வாறு சொல்வதே என் வழக்கம். அவள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

நிலையத்தின் ஒரே தொலைபேசி, எல்லோரும் அமரும் கூடத்தில் இருக்கிறது. சாப்டீங்களா என்று கேட்பாள். ஆச்சு என்பேன். அதற்குமேல் இருவருக்கும் வாய் வராது. அவளுடைய சீப்பில் சுற்றியிருக்கும் ஒற்றை முடியை நான் இன்னும் எடுக்கவில்லை என்பதை அப்படிப்பட்ட இடத்தில் எவ்வாறு சொல்வது?

பிழை விரைவிலேயே அகப்பட்டது. காற்றின் வேகத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் நடுவே வெறும் பூஜ்யமாக ஒரு பைட் மிகுதியாக இருந்தது. வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால் பின்னால் நிற்போர் அனைவரும் ஓரிடம் தள்ளிப்போவதைப் போல, அதற்குப் பின்வந்த யாவும் நகர்ந்திருந்தன.

அந்த இடத்தில் ஒரு பைட்டைத் தாண்டிச் செல்லுமாறு என் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி அவளைத் தீவிலேயே நிறுத்திவைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வேலை வேலைதான்.

அடுத்த செய்தி வந்தது. காற்றழுத்தம் தன் இடத்தில் ஒழுங்காக அமர்ந்தது. 'ஏற்கப்பட்டது' என்ற பதில், வழக்கம்போல் என் நிரலிலிருந்து தானாகவே தீவுக்குச் சென்றது.

மேலாளரிடம் சொல்வதற்காக எழுந்தேன். கப்பல் அவளில்லாமலே புறப்படும்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. நின்றபடியே பார்த்தேன்.

காற்றழுத்தம் மீண்டும் தாறுமாறாகியிருந்தது. அதே இடம். இப்போது இரண்டு பூஜ்யங்கள். இரண்டாவது, என் 'ஏற்கப்பட்டது' அவளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது.

மெல்ல உட்கார்ந்தேன்.

பூதக்கண்ணாடி எதையும் கோட்டை விடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிற்று. சற்றுமுன் சேர்த்த வரியை அழித்தேன்.

மேலாளர் தம் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னங்க, பிடிபட்டுச்சா?"

"இல்லைங்க சார். மன்னிக்கணும். அவங்களே நேர்ல வந்து பார்த்தாதான் உண்டு."

அவர் தொலைபேசியை எடுத்துக் கப்பலுக்குச் சொல்வது கேட்டது.

திரையில் அடுத்த செய்தி வந்து விழுந்தது. அதே இரண்டு பூஜ்யங்கள். என் நிரல் அதைப் படிக்க முயன்று, தோற்று, 'ஏற்க இயலாது' என்று தீவுக்குப் பதில் அனுப்பியது.

மணமான நாள் முதல் நான் அவளிடம் தெரிந்தே மறுத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.