கிளாடிஸ் சாய்த்த ஆறு சர்வர்கள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். நம் தூத்துக்குடியில் ஒரு பெண் முந்நூறு ஆளைத் திரட்டிக் கலகம் செய்து, போலீஸ் ஸ்டேஷன் வரை போன கதை இது.

திரேஸ்புரத்து கிளாடிஸை, செல்போனில் விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆலந்தலையில் ஒருவன், துபாயில் ஒருவன், நடுக்கடலில் கப்பலில் ஒருவன் என்று பிரிந்து கிடக்கிற கூட்டாளிகள் ஒரே ஆட்டத்தில் கூட வேண்டுமானால், அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு எங்காவது ஒரு சர்வர், அதாவது பெரிய கம்ப்யூட்டர், ஓயாமல் ஓட வேண்டும். அப்படிப்பட்ட சர்வரை வாடகைக்குப் பிடித்து, விளையாடுகிறவர்களுக்கு இடம் விடுவதுதான் அவள் தொழில்.

போன மாதம் ஒரு போட்டியின் நடுவில் பழைய சர்வர் படுத்துவிட்டது. பாதிப் பேர் திட்டிவிட்டு வேறு இடம் போய்விட்டார்கள். இப்போது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கப் பத்தே நாள்தான். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அதில் போகிற பையன்கள் கையை விட்டுப் போன் இறங்காது. அந்த நேரம் பார்த்து மறுபடியும் சர்வர் படுத்தால், கிளாடிஸ் கடையை மூட வேண்டியதுதான்.

சென்னைக் கம்பெனி ஒன்று மாதம் பதினெட்டாயிரம் கேட்டது. நம் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கிற தனராஜ் வீடு தேடி வந்து, ஏழாயிரம் போதும் என்றார்.

"தங்கச்சி, மத்தவன்லாம் ஒரு மெஷினைப் பத்துப் பேருக்குப் பங்கு வச்சுக் குடுப்பான். நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாது. இது உங்களுக்கே உங்களுக்குன்னு தனி மெஷின். வேற ஒரு ஈ, எறும்பு உள்ள வராது."

போனில் படமும் காட்டினார். கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் 'கிளாடிஸ்' என்று அச்சடித்து ஒட்டிய சீட்டு.

"ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்க. திங்கக்கிழமை பதில் சொன்னாப் போதும்."

கிளாடிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவருடைய பைக் தெருமுனை திரும்பியதும் ரெக்சனுக்குப் போன் போட்டாள். ரெக்சன் விசைப்படகில் போகிறவன். அவன் ஒரு குரல் கொடுத்தால் முந்நூறு பேர் திரளுவார்கள்.

"ஏலே ரெக்சா, வார ஞாயித்துக்கிழமை தனராஜ் அண்ணாச்சி மெஷினைச் சாய்க்கணும்."

"என்னக்கா நீ! போன வாரந்தான் சென்னைக்காரன் மெஷின்ல எறங்குனோம், அசையல. இப்ப இவரா? மனுசன் இப்பத்தான் உன் வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போறாரு. பாவம்லா?"

"அந்தப் பாவத்தை நான் சாமியார்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ ஆளைச் சேரு. அவருக்கு முன்கூட்டியே மூச்சு விட்டே, தொலைச்சிருவேன்."

"ஞாயித்துக்கிழமை ஒரு படகும் கடலுக்குப் போகாது, ஆளுக்குப் பஞ்சமில்ல. கூலி?"

"ஆளுக்கு ரெண்டு மக்ரூன்."

"முந்நூறு பேருக்கா? பேக்கரியையே தூக்கிட்டு வரணுமேக்கா!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு தின்று, எல்லோரும் கட்டிலில் சாய்ந்த நேரம். சரியாக மூன்றரைக்கு முந்நூறு பேரும் ஒன்றாக உள்ளே பாய்ந்தார்கள். மூன்று நாற்பத்தொன்றுக்கு மெஷின் மூச்சை விட்டது.

"சாஞ்சிட்டுக்கா!" என்று ரெக்சன் கத்தினான். கத்தியதோடு விட்டானா? மக்ரூனும் கையுமாகப் படம் பிடித்து, 'தனராஜ் மெஷின் காலி' என்று ஸ்டேட்டஸ் வேறு போட்டான்.

திங்கட்கிழமை காலை கிளாடிஸுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அங்கே சப்-இன்ஸ்பெக்டர் உமாராணி முன்னால் தனராஜ் அழாத குறையாக நின்றார்.

"ஒண்ணு ரெண்டில்ல மேடம், ஆறு சர்வர்! கேக் கடை, ஸ்டுடியோ, டியூஷன் சென்டர்னு என்கிட்டத் தனி மெஷின் எடுத்த அத்தனை பேருக்கும் ஒரே நிமிசத்துல போச்சு. கேக் கடைக்காரரு சட்டையைப் பிடிக்காரு. இந்தம்மா ஆள் வச்சு அடிச்சிருக்கு. ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டு நகல் குடுங்க, எல்லாருக்கும் காட்டணும்."

"ஆள் அனுப்புனது நீங்களா?" என்றார் உமாராணி.

"ஆமா மேடம்," என்றாள் கிளாடிஸ். "ஆனா ஒரே ஒரு மெஷினுக்குத்தான். அதுவும் அண்ணாச்சி எனக்குன்னு குடுத்தது. ஓட்டிப் பாருங்கன்னு சொன்னாரு, முந்நூறு பேரை ஒரே நேரத்துல ஆட்டத்துல எறக்கி, தடைக்காலக் கூட்டத்தைத் தாங்குதான்னு ஓட்டிப் பாத்தேன். சென்னைக்காரன் மெஷினையும் அப்படித்தான் பாத்தேன், அது நின்னுச்சு."

"அப்ப மத்த அஞ்சு? அஞ்சு பேரு பொழைப்பைக் கெடுத்திருந்தா நீங்க உள்ள போகணும், தெரியும்லா?"

"சத்தியமா தெரியாது மேடம். நான் தொட்டது ஒண்ணுதான்."

உமாராணி தொப்பியை எடுத்தார். "சரி, எடத்தைப் பாத்துருவோம். ஆறு மெஷினையும் போட்டோ எடுக்கணும்."

"இந்த வெயில்ல எதுக்கு மேடம்? நகல் குடுத்தாப் போதும்..."

"ஏறுங்க அண்ணாச்சி, ஜீப்புல."

புதுக்கோட்டையில், தனராஜ் கடையின் பின்னறை. ஏசி ஜில்லென்று ஓடியது. மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் 'கிளாடிஸ்' சீட்டு. உமாராணி சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார்.

கிளாடிஸை உரித்தால் கேக் கடை, கேக் கடையை உரித்தால் ஸ்டுடியோ, அதற்கும் அடியில் டியூஷன் சென்டர் என்று, ஆறு பேருக்கும் தனராஜ் தனித்தனியாக வாடகைக்கு விட்ட அந்தத் தனி மெஷின், அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தது.

உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் ஒருநாளும் அணையாமல், வாங்குகிற பொருளெல்லாம் சொன்ன சொல்லுக்கு நின்று, பிள்ளைகுட்டிகளோடு நல்லாயிருங்கள், கண்ணுகளா.