கடைசிக் குச்சி

"இன்னிக்கு இன்னும் ஒருத்தருக்குத்தான் மூக்குல குச்சி விட்டுச் சோதிப்போம்" என்றாள் காய்ச்சல் பிரிவு நர்ஸ்.

லாரி டிரைவர் மூச்சிளைக்கும் மகனைத் தோள் மாற்றிக்கொண்டான். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. வரிசையில் முன்னால் ஒரே ஓர் ஆள் இருமிக்கொண்டு நின்றான்; பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புள்ளைக்கு மூச்சு வாங்குது. முன்னாடி விடுங்களேன்."

"எனக்கு மட்டும் மூச்சு என்ன, ஓசியிலயா வருது?"

மகனைப் பெஞ்சில் கிடத்திவிட்டு டிரைவர் விட்ட முதல் குத்தில் அந்த ஆளின் மூக்கு உடைந்தது. விழுந்தவனை விலாவில் மிதித்தான். ரத்தம் சொட்டச் சொட்ட அவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போனார்கள்.

"இப்ப எடுங்க, சிஸ்டர்."

நர்ஸ் குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஊர்ல என்ன கிருமி சுத்துதுன்னு கணக்கெடுக்கறோம். வரிசையில ஒவ்வொரு அஞ்சாவது ஆளுக்கு மட்டும்தான் சோதனை. அவர் நாலாவது. உங்க பையன்தான் அஞ்சாவதா இருந்தான்."

"அப்புறம் என்ன?"

"அவர் வரிசையை விட்டுப் போயிட்டாரே. இப்ப உங்க பையன் நாலு."

பின்னால் நின்றவர், டிரைவரின் முகத்தைப் பார்க்காமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.