யாரா இருந்தாலும்

"நேத்துதான் ஜெயில்லருந்து வந்தேன்" என்று தனுஷ்கோடி சொன்னதும், ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில் ஓட்டல் நடத்தும் சண்முகக்கனி அவர் முன்னாலிருந்த இலையை உருவினார்.

"ஜெயிலுக்குப் போனவுகளுக்கு என் கடையில சோறு கிடையாது. எந்திரிங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பட்டாசு கம்பெனி ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தண்டனை முடிஞ்சிருச்சு, அண்ணாச்சி. இன்னுமா?"

"செஞ்சது செஞ்சதுதான்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்தான். போறீகளா, போலீஸைக் கூப்பிடவா?"

தனுஷ்கோடி எழுந்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி நெருங்கி வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"சிங்கப்பூர்ல இருக்கான்னு நீங்க ஊருக்குச் சொல்லிவச்சிருக்க உங்க மகன் மணிகண்டராஜ், என்கூடத்தான் உள்ள இருந்தான். அடுத்த வாரம் விடுதலையாகுறான். 'அப்பா என்னைச் சேத்துக்கிடுவாரான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கண்ணே'ன்னு அனுப்பிவிட்டான். நான் போயி அவன்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?"