இறக்கத்தில் ஏறிய எண்

ஒரு கார் மலையிறங்கிக்கொண்டிருந்தது. எதிர்மலையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றத்தான் கால்நடை மருத்துவர் எழிலரசி விரைந்துகொண்டிருந்தார்.

“இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓடலாம்!” என்றது காரின் முகப்பில் இருந்த எண்காட்டி. இரண்டு வளைவுகள் கழிந்ததும் அது துள்ளியது. “அறுபது! இல்லை, எண்பது! ஏய் மிதவை, ஓட ஓடக் கூடுதுடா!”

“எனக்கு இங்கே தரை தட்டுது. உனக்குக் கூடுதாம்!” என்றது பெட்ரோலின் அளவைக் காட்டத் தொட்டிக்குள் கிடந்த மிதவை.

“பொறாமைப்படாதே. பத்து நிமிஷமா செலவே இல்லை. அதை வச்சுத்தான் கணக்குப் போட்டேன்.”

“இறக்கத்துல எப்படிடா செலவாகும்?”

அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. அதற்கப்பால் பசு இருக்கும் இடம்வரை முப்பது கிலோமீட்டரும் ஏற்றம்தான். வேறு பங்க் கிடையாது. மருத்துவர் முகப்பைப் பார்த்தார்.

“எண்பது இருக்கே, போதும்” என்று நேராகவே ஓட்டினார்.

“ஐயையோ, என்னை நம்பிட்டாங்க!” என்று அலறியது எண்காட்டி. “ஏற்றத்துல எவ்வளவு குடிக்கும்?”

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?”

“தெரியாதே!”

எண்காட்டி எண்பதை அழித்துவிட்டு மூன்று வெறுங்கோடுகளைக் காட்டியது. மருத்துவர் திடுக்கிட்டு வண்டியைப் பங்க்குக்குள் திருப்பினார். பெட்ரோல் பாய்ந்தது, மிதவை ஜம்மென்று மேலே வந்தது.

“இப்போ சொல்லட்டுமா? ஐந்நூறு!” என்று குதித்தது எண்காட்டி.

“பசுகிட்டப் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லுடா!” என்றது மிதவை.